உடைமையும் ஒப்படைப்பும்: பெருநிறுவனக் கணிமையின் வரலாறு

பெருநிறுவனமொன்று தன் தொழிலுக்கு வேண்டிய கருவியைத் தானே உடைத்தாயிருத்தல் வேண்டுமோ, அன்றி அக்கருவியின் பயனை மாத்திரம் பிறரிடம் விலைகொடுத்துப் பெறுதல் அமையுமோ என்னும் வினா, கைத்தொழிற் பெருக்கத்தோடு தோன்றிய பழைய வினாவாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே மேனாட்டு ஆலைகள் பல, தமக்கு வேண்டிய மின்வலியைத் தத்தம் வளவினுள்ளேயே பிறப்பித்தன. பொது மின்னிலையங்கள் பெருகிய பின்னர் அவ்வாலைகள் தம் பொறிகளைக் கைவிட்டு, மானி காட்டிய அளவுக்குப் பணம் செலுத்தி மின்வலியை வாங்கின. கணினியின் வரலாற்றிலும் இதே வினா பலமுறை எழுந்துள்ளது. ஆயினும், மின்வலியும் கணிமையும் எல்லா வகையாலும் ஒப்பன அல்ல. மின்வலி ஆலையினுள் வந்து வேலை செய்து மறைவது. ஆலையின் இரகசியம் எதனையும் அது அறியாது. கணினியோ நிறுவனத்தின் வரவு செலவையும், ஊழியரின் சம்பளத்தையும், வாடிக்கையாளரின் அந்தரங்கத்தையும் தன்னுட் கொண்டே தொழிற்படுவது. ஆகவே, கணிமையைப் பிறரிடம் ஒப்படைப்பவர் தம்மை நம்பியவரின் உடைமையையும் உடன் ஒப்படைக்கின்றார்.

இன்று பெருநிறுவனங்களின் கணிமையை இரண்டு கருத்துக்கள் ஆளுகின்றன. ஒன்று சேவைநோக்குக் கட்டமைப்பு. மற்றது மேகக் கணிமை. ஒரு நிறுவனத்தின் மென்பொருளை ஒரே பெரும் பிண்டமாக ஆக்காது, ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு சேவையாகப் பகுத்து, ஒரு சேவை மற்றொன்றை முன்னரே வரையறுத்த உடன்பாட்டின்படி மாத்திரம் அழைக்குமாறு அமைத்தல் முன்னையது. கணினி, சேமிப்பிடம் முதலியவற்றை விலைக்கு வாங்கி வையாது, வேண்டியபோது வேண்டிய அளவுக்கு வலையமைப்பின் வழியே பெற்று, பயன்படுத்திய அளவுக்குப் பணம் செலுத்துதல் பின்னையது. முன்னையது பகுத்தலைப் பற்றியது. பின்னையது ஒப்படைத்தலைப் பற்றியது. பகுக்க அறிந்தவரே நன்கு ஒப்படைக்க வல்லவர் என்பதும், தொழிலை ஒப்படைக்கலாமேயன்றிப் பொறுப்பை ஒப்படைத்தல் இயலாது என்பதும் இவற்றின் வரலாற்றை நோக்குவார்க்குப் புலனாகும்.

வணிகத் தொழிலுக்குக் கணினியை முதன்முதல் வழக்கமாகப் பயன்படுத்திய நிறுவனம், விஞ்ஞானக் கருவி செய்வதன்று. தேநீரும் கேக்கும் விற்பது என்பது வியப்பான செய்தியாகும். இலண்டன் நகரிலே தேநீர்க் கடைகள் பலவற்றை நடத்திய ஜே. லயன்ஸ் கம்பனியார், நாடோறும் எண்ணிறந்த சிறு விற்பனைகளின் கணக்கை எழுதுதற்குப் பெருந்தொகையான எழுதுவினைஞரை வைத்திருந்தனர். ஒரு விற்பனையில் வரும் இலாபம் மிகச் சிறிது. அதன் கணக்கை எழுதும் செலவோ சிறிதன்று. 1947 ஆம் ஆண்டில் அக்கம்பனியின் அலுவலர் இருவர் அமெரிக்கா சென்று புதிய மின்னணுக் கணிப்பொறிகளைப் பற்றி அறிந்துவந்தனர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலே மொறிஸ் வில்க்ஸ் அமைத்துக்கொண்டிருந்த எட்சாக் என்னும் கணினிக்குக் கம்பனியார் 3,000 பவுண் உதவினர். எட்சாக் 1949 ஆம் ஆண்டு மே மாதத்திற் செய்நிரலை இயக்கிக் காட்டியபின், அதனை முன்மாதிரியாகக் கொண்டு ஜோன் பிங்கேட்டன் என்னும் பொறியியலாளர் லயன்ஸ் கம்பனிக்கெனவே ஒரு கணினியை அமைத்தார். லியோ எனப் பெயர்பெற்ற அப்பொறி 1951 ஆம் ஆண்டின் இறுதியில் வெதுப்பகப் பண்டங்களின் பெறுமதியைக் கணிக்கும் தொழிலை வாரந்தோறும் செய்யத் தொடங்கியது.

லியோவின் வெற்றிக்குப் பொறியின் திறமை மாத்திரம் காரணமன்று. டேவிட் கமினர் முதலியோர் கம்பனியின் வேலை ஒவ்வொன்றும் எவ்விடத்திற் தொடங்கி எவ்விடத்தில் முடிகின்றது என்பதை முதலில் ஆராய்ந்து, பின்னரே செய்நிரல் எழுதுவித்தனர். தேநீர்க் கடைகளுக்குப் பண்டம் அனுப்பும் தொழில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். ஒவ்வொரு கடைக்கும் வழமையாக வேண்டப்படும் பண்டங்களின் அளவு முன்னரே பதிந்துவைக்கப்பட்டது. கடையின் தலைவி தொலைபேசியிலே அன்றைய மாற்றங்களை மாத்திரம் அறிவித்தாள். அவை அட்டையிற் துளையிடப்பட்டுக் கணினியுட் சென்றன. யார் எதனைக் கேட்கலாம், எந்த வடிவிற் கேட்டல் வேண்டும், விடை எப்பொழுது வரும் என்பன அங்கே திட்டமாக வரையறுக்கப்பட்டிருந்தன. சேவைநோக்குக் கட்டமைப்பு என்னும் பெயர் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னரே அதன் உயிர்நாடியான உடன்பாடு என்னும் கருத்து ஒரு தேநீர்க் கம்பனியிற் காணப்பட்டது.

ஒப்படைத்தலும் அங்கேயே தொடங்கியது. லியோவுக்கு ஓய்வுநேரம் உண்டென்பதைக் கண்ட லயன்ஸ் கம்பனியார், பிறரின் வேலைகளையும் கூலிக்குச் செய்துகொடுத்தனர். மோட்டார் வண்டி செய்யும் போர்ட் கம்பனியின் தொழிலாளர் சம்பளக் கணக்கு அவ்வாறு தேநீர்க் கம்பனியின் பொறியிற் கணிக்கப்பட்டது. 1954 ஆம் ஆண்டில் லியோ கணினிக் கம்பனி தனியே நிறுவப்பட்டது. தம் தேவைக்கென ஆக்கியதன் மிகுதியைப் பிறருக்கு விற்று, அவ்விற்பனையையே புதிய தொழிலாக்கிய இச்செயல், அரை நூற்றாண்டின் பின் மீண்டும் நிகழ இருந்தது.

அமெரிக்காவிலே இதற்கு மாறான வழியும் வளர்ந்தது. அமெரிக்கன் எயர்லைன்ஸ் என்னும் வானூர்திக் கம்பனியும் ஐபிஎம் கம்பனியும் கூடி அமைத்த சேபர் என்னும் ஆசனப் பதிவுத் தொகுதி, 1964 ஆம் ஆண்டளவிற் கம்பனியின் முழுப் பதிவுகளையும் ஏற்றது. நியூயோர்க் மாநிலத்தின் பிறையர்கிளிவ் மனர் என்னும் ஊரில் வைக்கப்பட்ட இரு பெருங்கணினிகள், நாடெங்கும் உள்ள அலுவலகங்களுக்குத் தொலைபேசிக் கம்பிவழியே விடையளித்தன. இது பெருநிறுவனமொன்றின் முழுச் சொந்தமான, மையத்தில் அமைந்த தொகுதியாகும். இவ்வமைப்பைக் கண்ட வங்கிகளும் காப்புறுதிக் கம்பனிகளும் தத்தமக்கெனப் பெருங்கணினிகளை வாங்கிக் குளிரூட்டிய அறைகளில் வைத்தன. கணினியறை நிறுவனத்தின் பெருமைக்கும் ஒரு சின்னமாயிற்று.

அதே காலத்திலேயே கணிமையைப் பொதுச் சேவையாக்கலாம் என்னும் எண்ணமும் தோன்றியது. மசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனம் 1961 ஆம் ஆண்டில் நூற்றாண்டு விழாக் கொண்டாடியபோது அங்கு உரையாற்றிய ஜோன் மக்கார்த்தி, தொலைபேசியைப் போலக் கணிமையும் ஒருநாட் பொதுமக்கட் சேவையாக ஒழுங்குபடுத்தப்படலாம் என்னும் கருத்தை வெளியிட்டார். ஒரு கணினியின் நேரத்தைச் சிறுசிறு கூறாக்கிப் பலர் ஒருங்கே பயன்படுத்தும் நேரப்பகிர்வு முறையை அந்நிறுவனத்தார் அவ்வாண்டிலேயே செய்துகாட்டினர். டக்ளஸ் பாக்ஹில் 1966 ஆம் ஆண்டிற் கணிமைப் பொதுச் சேவையைப் பற்றித் தனிநூலே எழுதினார். ஒரு பொறியைப் பல பொறிகளாகத் தோன்றச்செய்யும் மெய்நிகர்ப் பொறி நுட்பத்தை ஐபிஎம் கம்பனியார் 1972 ஆம் ஆண்டிற் சந்தைக்குக் கொணர்ந்தனர். ஆயினும் கணினியின் விலை விரைந்து குறைந்தமையால், நேரத்தை வாடகைக்குப் பெறுதலினும் சிறு கணினியொன்றை வாங்குதல் இலாபமாயிற்று. தொலைத்தொடர்பு அக்காலத்தில் மெதுவானதாயும் விலைமிக்கதாயும் இருந்தது. எண்ணம் முந்தியது, அதனைத் தாங்கும் பாதை பிந்தியது.

எனினும், நிறுவனங்கள் தம் கணினியறைகளை நடத்தும் தொழிலை வெளியாரிடம் விடுதல் நின்றுவிடவில்லை. றொஸ் பெரோ என்பார் 1962 ஆம் ஆண்டிற் டலஸ் நகரில் நிறுவிய இடிஎஸ் கம்பனி, பிறரின் தரவுகளை ஒப்பந்தத்தின் மேற் கையாளுவதைத் தொழிலாகக் கொண்டு வளர்ந்தது. 1989 ஆம் ஆண்டில் ஈஸ்ற்மன் கொடக் கம்பனி தன் தரவு நிலையங்களை நடத்தும் பணியை ஐபிஎம் கம்பனியிடம் ஒப்படைத்தபோது வணிக உலகம் வியந்தது. பெயர்பெற்ற ஒரு நிறுவனமே இவ்வாறு செய்தல் கூடுமாயின் தாமும் செய்யலாம் எனப் பல நிறுவனங்கள் அதனைப் பின்பற்றின. இவ்வொப்பந்தங்களில் ஒரு குறை இருந்தது. உள்ளே பின்னிக் கிடந்த சிக்கல்களைப் பகுத்துத் தெளியாமலே, சிக்கலை முழுதாகத் தூக்கிப் பிறர் கையிற் கொடுத்தவர் பலர். வீட்டில் அவிழாத முடிச்சு அயல்வீட்டில் தானே அவிழ்வதில்லை.

அம்முடிச்சு எத்தகையது என்பதை அறிதல் வேண்டும். ஒரு வங்கியிலே சேமிப்புக் கணக்கு, கடன், அட்டை ஆகிய ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கணினியில், வெவ்வேறு மொழியிற் செய்நிரல்கள் எழுதப்பட்டன. ஒரே வாடிக்கையாளரின் பெயரும் முகவரியும் மூன்று இடங்களில் மூன்று வடிவிற் கிடந்தன. ஒன்றினை மாற்றினால் மற்றொன்று பழுதுற்றது. இந்நோய்க்கு மருந்து தேடியோருள் இருவர் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர். ஒரு நிறுவனத்தின் மனிதர் எவ்வாறு தம்முட் பேசிக்கொள்கின்றனரோ அவ்வாறே அவர் ஆக்கும் தொகுதியும் அமையும் என்பதை மெல்வின் கொன்வே 1968 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். மென்பொருளின் ஒவ்வொரு கூறும் தன் உள்ளமைப்பை மறைத்து, வெளியே ஓர் இடைமுகத்தை மாத்திரம் காட்டுதல் வேண்டும் என்னும் விதியை டேவிட் பானஸ் 1972 ஆம் ஆண்டில் நிறுவினார். முன்னவர் நோயின் மூலத்தைக் கூறினார்; பின்னவர் மருந்தைக் கூறினார்.

அம்மருந்தை வலையமைப்பு முழுவதற்கும் ஊட்டும் முயற்சிகள் அடுத்த முப்பது ஆண்டில் நிகழ்ந்தன. தொலைவிலுள்ள கணினியின் செய்நிரலை அருகிலுள்ளது போல அழைக்கும் முறையை பிரெல், நெல்சன் என்னும் இருவர் 1984 ஆம் ஆண்டில் விளக்கினர். 1991 ஆம் ஆண்டில் வெளிவந்த கோர்பா என்னும் நியமம், வெவ்வேறு மொழியிலும் வெவ்வேறு கணினியிலும் உள்ள கூறுகளை இணைக்க முயன்றது. சேவைநோக்குக் கட்டமைப்பு என்னும் பெயர் 1996 ஆம் ஆண்டிற் காட்னர் ஆய்வு நிறுவனத்தாரின் எழுத்துக்களிற் காணப்படுகின்றது. 1998 இல் எக்ஸ்எம்எல் என்னும் குறியீட்டு மொழியும், அதன் வழியே 2000 இல் சோப் என்னும் செய்தி நியமமும், 2001 இல் சேவையின் உடன்பாட்டை எழுதிக்காட்டும் டபிள்யூஎஸ்டிஎல் என்னும் விவரண மொழியும் பொதுவாக முன்வைக்கப்பட்டன.

இவற்றுட் கடைசியாகக் கூறிய விவரண மொழியை ஆக்கியோருள், அப்பொழுது ஐபிஎம் கம்பனியில் ஆய்வாளராயிருந்த சஞ்சீவ வீரவரண என்னும் இலங்கையரும் ஒருவர். அவர் தாயகம் திரும்பி வேறு சிலரோடு 2005 ஆம் ஆண்டில் டபிள்யூஎஸ்ஓ2 என்னும் கம்பனியை நிறுவினார். தொகுதிகளுக்கிடையே செய்திகளை ஏற்று, மாற்றி, உரிய இடத்திற் சேர்க்கும் இடைநிலை மென்பொருளை அக்கம்பனியார் கொழும்பிலிருந்து ஆக்கி, மூலநிரலை எவரும் காணத் திறந்துவைத்தனர். ஈபே முதலிய பெருநிறுவனங்கள் அதனைப் பயன்படுத்தின. 2024 ஆம் ஆண்டிற் சுவீடன் நாட்டு முதலீட்டு நிறுவனமான ஈகியூடி அக்கம்பனியை வாங்கியது. மேனாட்டிற் பிறந்த ஒரு துறையின் அடித்தளத்தில் இத்தீவினரின் கைவேலையும் உண்டென்பது இளைஞர் மனங்கொள்ளத்தக்கது.

இவ்வளவு நியமங்கள் எழுந்தும், பெருநிறுவனங்கள் பலவற்றிற் சேவைநோக்கு முயற்சி எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. நியமங்கள் பல்கிப் பெருகியமை ஒரு காரணம். மென்பொருளை விலைக்கு வாங்கினாற் கட்டமைப்புத் தானே உண்டாகும் என நம்பியமை அதனினும் பெரிய காரணம். சேவையொன்றுக்குப் பெயர் சூட்டினர்; அதற்குப் பொறுப்பாளியை நியமித்திலர். 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆன் தோமஸ் மேன்ஸ் என்னும் ஆய்வாளர், சேவைநோக்குக் கட்டமைப்பு என்னும் பெயர் இறந்தது, சேவை என்னும் கருத்து வாழ்க என்னும் பொருள்பட எழுதியது பலரின் கவனத்தை ஈர்த்தது.

பெயர் தளர்ந்த வேளையிற் கருத்து ஓங்கி வளர்ந்த இடம் ஒன்றுண்டு. அமேசன் கம்பனியின் விற்பனைத் தளம் முதலில் ஒரே பெரும் செய்நிரலாக இருந்தது. அதனைத் திருத்துவோர் தொகை பெருகப் பெருக, ஒருவரின் திருத்தம் மற்றவரின் வேலைக்குத் தடையாயிற்று. 2002 ஆம் ஆண்டளவிற் கம்பனியின் தலைவர் ஜெப் பெசோஸ், ஒவ்வொரு குழுவும் தன் தரவையும் தொழிலையும் சேவை இடைமுகத்தின் வழியாக மாத்திரம் பிறருக்கு அளித்தல் வேண்டும் எனவும், அவ்விடைமுகம் வெளியாருக்கும் திறந்துவிடத்தக்கதாக அமைதல் வேண்டும் எனவும் கட்டளையிட்டார் என்பதை, அங்கு முன்னர்ப் பணியாற்றிய ஸ்ரீவ் யெக்கே 2011 ஆம் ஆண்டில் எழுதியுள்ளார். 2006 ஆம் ஆண்டில் அக்கம்பனியின் தொழினுட்ப அதிபர் வேர்னர் வோகல்ஸ், தளத்தின் ஒரு பக்கம் தோன்றுதற்கு நூற்றுக்கு மேற்பட்ட சேவைகள் அழைக்கப்படுகின்றன எனக் கூறினார். சேவையை ஆக்கிய குழுவே அதனை இயக்கவும் வேண்டும் என்பது அங்கே விதியாயிற்று. பொறுப்பாளியில்லாச் சேவை என்னும் பழைய குறை இவ்விதியால் நீங்கியது.

உள்ளே நன்கு பகுக்கப்பட்டதை வெளியே விற்பதும் எளிதாயிற்று. 2006 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமேசன் சேமிப்புச் சேவையையும், ஓகஸ்ற் மாதத்திற் கணினியை மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு விடும் சேவையையும் பொதுமக்களுக்குத் திறந்தது. ஒரு மெய்நிகர்ப் பொறியின் வாடகை மணித்தியாலத்துக்கு 10 சதமாயிருந்தது. லயன்ஸ் கம்பனி தேநீர் விற்றுக் கணினிக் கம்பனியானது போல, நூல் விற்ற கம்பனி கணிமை விற்கும் கம்பனியாயிற்று. கூகிள் 2008 இலும், மைக்ரோசொப்ற் 2010 இலும் இத்துறையிற் புகுந்தன. 2011 ஆம் ஆண்டில் அமெரிக்க நியம நிறுவனம் மேகக் கணிமைக்கு வரைவிலக்கணம் வகுத்து, வேண்டியவுடன் தானே பெறுதல், வலையமைப்பின் வழியே பெறுதல், வளங்களைப் பலர் பகிர்தல், விரைந்து விரிதலும் சுருங்குதலும், அளந்து கணக்கிடுதல் என்னும் ஐந்து இயல்புகளைக் கூறியது. மக்கார்த்தி எண்ணியது ஐம்பது ஆண்டின் பின் இலக்கணம் பெற்றது.

பகுத்தலும் ஒப்படைத்தலும் ஒருங்கு கூடினால் விளையும் பயனுக்கு நெட்பிளிக்ஸ் கம்பனி சான்றாகும். 2008 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் அதன் தரவுத்தளம் பழுதுற்றமையால், மூன்று நாட்களுக்கு வாடிக்கையாளருக்கு இறுவட்டுக்களை அனுப்ப இயலவில்லை. அதன் பின்னர் அக்கம்பனி மேகக் கணிமைக்கு மாறத் தீர்மானித்தது. பழைய தொகுதியை அவ்வாறே தூக்கி வேறிடத்தில் வைத்தால் பழைய குறைகளும் உடன்செல்லும் என்பதை உணர்ந்து, அதனை நூற்றுக்கணக்கான சிறு சேவைகளாக மீள ஆக்கியது. அம்மாற்றம் 2016 ஆம் ஆண்டு ஜனவரியிலேயே முற்றுப்பெற்றது. ஏழு ஆண்டு சென்றது. ஒரு சேவை வீழ்ந்தாலும் மற்றவை நிற்குமோ என்பதைச் சோதிக்க, தன் பொறிகளைத் தானே இடையிடையே நிறுத்தும் செய்நிரலையும் அக்கம்பனி ஆக்கியது. அவ்வாறிருந்தும் 2012 ஆம் ஆண்டு நத்தாருக்கு முதனாள், வாடகைக்கு விட்டவரின் பக்கத்தில் நேர்ந்த பிழையால் அதன் சேவை தடைப்பட்டது.

இவ்விடத்திலேயே பொறுப்புப் பற்றிய வினா எழுகின்றது. 2017 ஆம் ஆண்டு பெப்ரவரி 28 ஆந் திகதி, அமேசன் ஊழியரொருவர் தட்டச்சிட்ட கட்டளையில் நேர்ந்த தவறினால் வேர்ஜினியாவிலுள்ள சேமிப்புச் சேவை ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் குலைந்தது. அதனை நம்பிய எண்ணிறந்த தளங்களும் உடன் குலைந்தன. 2019 ஆம் ஆண்டிற் கப்பிற்றல் வன் என்னும் அமெரிக்க வங்கியின் மேகச் சேமிப்பிலிருந்து, அமெரிக்காவில் ஏறத்தாழ 10 கோடிப் பேரினதும் கனடாவில் 60 இலட்சம் பேரினதும் விவரங்கள் களவாடப்பட்டமை வெளிப்பட்டது. பாதுகாப்பு அரணொன்று பிழையாக அமைக்கப்பட்டிருந்ததே வழியாயிற்று. பொறிகள் அமேசனுடையன; அரணை அமைத்தது வங்கி. 2020 ஆம் ஆண்டில் அமெரிக்க மேற்பார்வையாளர் வங்கிக்கே 8 கோடி டொலர் தண்டம் விதித்தனர். இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணிமைத் தொகுதியிலும் 2023 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்திற் கப்பம் கோரும் தீநிரல் புகுந்தது. அவ்வாண்டு மே 17 தொடக்கம் ஓகஸ்ற் 26 வரையான மின்னஞ்சல்கள் அழிந்தன. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிப்புற்றன. தொகுதியோடு இணைந்திருந்த காப்புப் பிரதியையும் தீநிரல் பற்றியமையால் அவற்றை மீட்க இயலவில்லை. கணினி எவர் வீட்டில் நின்றது என்பதைவிட, பிரதியொன்றை வேறாக வைத்தற்குப் பொறுப்பாளி எவர் என்பதே அங்கு முதன்மையான வினாவாகும்.

ஒப்படைத்தவை திரும்பப் பெறப்படுதலும் உண்டு. இடிஎஸ் கம்பனியை 1984 இல் வாங்கி 1996 இற் பிரித்துவிட்ட ஜெனரல் மோட்டோர்ஸ், தன் கணிமைப் பணிகளிற் பெரும்பகுதியை நெடுங்காலம் வெளியாரிடமே விட்டிருந்தது. 2012 ஆம் ஆண்டில் அவற்றை மீண்டும் தன்னகத்தே கொள்ளத் தொடங்கியது. அமேசனிற் தன் கோப்புக்களை வைத்திருந்த டிரொப்பொக்ஸ் கம்பனி, 2016 ஆம் ஆண்டளவிற் பெரும்பகுதியைத் தன் சொந்தப் பொறிகளுக்கு மாற்றி, இரண்டு ஆண்டில் ஏறத்தாழ 7½ கோடி டொலர் செலவைக் குறைத்தது. மறுபுறம், கப்பிற்றல் வன் வங்கி அத்துணைப் பெரிய களவின் பின்னரும் பின்வாங்காது, 2020 ஆம் ஆண்டிற் தன் தரவு நிலையங்கள் எட்டினையும் மூடி மேகக் கணிமையிலேயே நிலைத்தது. கோப்புச் சேமித்தலையே உயிர்த் தொழிலாகக் கொண்ட நிறுவனத்துக்கு உடைமை இலாபமாயிற்று. வேறு தொழிலுடைய வங்கிக்கு வாடகை பொருத்தமாயிற்று. எது தன் உயிர்த் தொழில், எது துணைத் தொழில் எனத் தெளிதலும் பகுத்தலின் ஒரு கூறேயாகும்.

லியோ கணினி தொடங்கி இன்றுவரை உடைமையும் வாடகையும் மாறிமாறி ஓங்கி வந்துள்ளன. பொறியின் விலை, தொடர்புப் பாதையின் வேகம், தொழிலின் அளவு என்பவற்றிற்கேற்ப இனியும் அவை மாறும். மாறாது நிற்பன இரண்டு. லயன்ஸ் கம்பனியார் கணினியை அமைக்குமுன் தம் தொழிலை ஆராய்ந்தது போல, தன் வேலையைத் தெளிவாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் உடன்பாட்டையும் பொறுப்பாளியையும் வகுத்த நிறுவனம் எவ்வழியிற் சென்றாலும் நிலைபெறும். பகுக்காத நிறுவனத்துக்குச் சொந்தப் பொறியும் சுமையே, வாடகைப் பொறியும் சுமையே. கணக்கும் அந்தரங்கமும் தந்து நம்பிய மக்கள், பொறி எவருடையது எனக் கேட்பதில்லை. தாம் நம்பிய நிறுவனத்தையே கேட்பர். அக்கேள்விக்கு மறுமொழி கூறும் கடமையை வாடகைக்கு ஏற்பார் எவருமிலர்.